மூட்டையைத் தூக்கிக்கொண்டு மியன்மார் போனவர்கள்

டோபி கடைக்காரிக்கு ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, துணி மூட்டையை அவிழ்த்தால் போதும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் சூலியா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. சுற்றிலும் மலிவு விடுதிகள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள்தான் எனக்குப் படியளக்கிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் நீங்களும் இவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பீர்கள். இப்போது சிலருக்கு மியன்மார் பைத்தியம் பிடித்திருக்கிறது. அங்கே பட்டாளத்துக்கும் அதை எதிர்க்கிறவர்களுக்கும் சண்டை நடப்பதால் கூட்டம் இருக்காதாம், எல்லாம் மலிவாகக் கிடைக்குமாம்.

என் கடையில் இஸ்திரி போடும் கின் அந்த நாட்டுக்காரி. பல வருஷமாக என்னோடு இருப்பதால் தமிழ் பேசுவாள். அவளுடைய அம்மாவும் தம்பியும் யாங்கோனில் இருக்கிறார்கள். தம்பி வாலிப வயதுப் பையன். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, வாசலுக்குக்கூட வராமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். அந்த வீட்டின்மேல் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது, அவளுக்கு வேறு கவலையே கிடையாது.

பட்டாளத்துக் கால்சட்டை

ஒரு வெள்ளைக்காரப் பையன் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான கால்சட்டை ஒன்றைத் துவைக்கப் போட்டான். அசல் பட்டாளத்துக்காரன் போடுவது மாதிரியே இருந்தது. மறுநாள் யாங்கோனுக்குப் பயணமாம். கின் அதைத் தேய்க்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்தாள். "அக்கா, இது போட்டுட்டு எங்க ஊரு போகவேணாம் சொல்லு. ஒருத்தன் சுடலேன்னா இன்னொருத்தன் சுடுவான்."

சொன்னேன். தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் செலவழித்துச் சொன்னேன். அவன் கால்சட்டையை வாங்கி ஆசையாகத் தடவிப் பார்த்தான். "மத்த கால்சட்டையில இவ்வளவு பாக்கெட் இல்லையே, ஆன்ட்டி" என்றான்.

பார்க்காத செய்தி

இன்னொரு நாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு இளம் ஜோடி. நம் ஆட்கள்தான். துணியை வாங்க வந்த இடத்தில், மியன்மாரில் நம் கார்டைப் போட்டால் காசு வருமா, இரவில் வெளியே போகலாமா, எந்தப் பக்கம் சண்டை என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். நான் என்ன அந்த நாட்டுத் தூதரா? டாக்சி வாசலில் நிற்கிறது, இப்போது வந்து கேட்கிறாள். போவதற்கு முன் படித்துப் பார்க்கக் கூடாதா என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. "நெட்ல பார்த்தா பயமா இருக்குக்கா. அதான் பார்க்கல."

சின்ன விஷயம்

ஈப்போவிலிருந்து வந்த தினேஷ் வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிடுவான். அவனும் யாங்கோன் போகிறான் என்றதும் கின்னுக்கு ஆசை வந்துவிட்டது. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. அந்த மாத்திரை அங்கே சரியாகக் கிடைப்பதில்லை. வாங்கிவைத்திருந்த மாத்திரைகளையும், ஆளை அடையாளம் தெரிய அம்மாவின் படத்தையும், போன் நம்பரையும் கொடுத்தாள். "ஹோட்டல் போய் போன் பண்ணு தம்பி, அம்மா வந்து வாங்கிக்கும். வீட்டுக்கு மட்டும் போகாத. அங்க வெளியாள் தங்கினா ஆபீசர் வந்து கேப்பான். என் தம்பி உள்ள இருக்கான்."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அவனும் தலையைத் தலையை ஆட்டினான். "சின்ன விஷயம்லா அக்கா, இதுக்கு ஏன் டென்ஷன்?"

திரும்பி வந்தவன்

அவன் வருவதற்கு முன்பே கின்னுடைய அம்மா போன் செய்துவிட்டார். மகராசன் ஹோட்டலில் அறை பதிவு செய்யாமல், கையில் ரொக்கம் இல்லாமல், போனுக்கு அந்த ஊர் சிம்கூட வாங்காமல் போய் இறங்கியிருக்கிறான். கார்டைப் போட்டால் காசு வரவில்லை. உடனே அந்தப் படத்தைத் தெருத்தெருவாகக் காட்டி விசாரித்துக்கொண்டு நேராக வீட்டுக்கே போய்விட்டான். அந்த அம்மா சோறு போட்டுப் படுக்கவும் இடம் கொடுத்திருக்கிறார். மறுநாளே புது ஆள் யார் என்று கேட்டுக்கொண்டு பட்டாளத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். தம்பி அடுப்படிப் பக்கமாகக் குதித்து ஓடினான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இந்த நிலைமையில்தான் தினேஷ் சிரித்துக்கொண்டே வந்து கவுண்டரில் மூட்டையை வைத்தான். கின் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். வீட்டுக்குப் போகாதே என்று அவள் சொன்னது காதில் விழவில்லையா, அந்தப் பையன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லையே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான்.

"அவன் எங்கயாச்சும் இருப்பான்லா அக்கா. சோல்ஜர்லாம் வந்து ஒரே அட்வெஞ்சர், ஆனா ஒண்ணும் ஆகல, நான் சேஃபா வந்துட்டேன்ல?"

ஊர் சுற்றிவிட்டு வருகிறவனுக்குத் துவைக்கக் கொடுக்க ஒரு மூட்டைத் துணி இருக்கிறது, கின்னுடைய தம்பி மேல்சட்டைகூடப் போடாமல் ஓடினானாம்.