மீன் பிழைத்த தோம்பு

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில் ரந்தாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். உரம், களைக்கொல்லி, அதை அடிக்க முதுகில் மாட்டும் டாங்கிப் பம்பு எல்லாம் என் பொறுப்பு. களைக்கொல்லி பீப்பாய் மாதிரியான நீல பிளாஸ்டிக் தோம்புகளில் வரும். தோட்டத்தில் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள்.

காலித் தோம்பு குப்பைக்குப் போனதே இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். எந்த வீட்டில் குழந்தை பிறக்கிறதோ அந்த வீட்டுக்கு அடுத்த காலித் தோம்பு என்பது வழக்கம். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வாய்க்காலில் பிடித்த குஞ்சு மீன்களை விடுவார்கள். விடிந்தும் மீன் நீந்தினால் தோம்பு சுத்தம். செத்துக் கிடந்தால் மறுபடி கழுவி, மறுபடி மீன் பிடிக்கப் போவார்கள். இந்த ஏற்பாட்டை மீன்களைத் தவிர யாரும் குறை சொன்னதில்லை.

பிறகு சட்டம் வந்தது. ஆபத்தான கழிவுகளை வகை பிரித்து அட்டவணை போட்டிருந்தார்கள். செரம்பானில் நடந்த விளக்கக் கூட்டத்துக்கு, நாங்கள் துரை என்று அழைக்கும் தோட்ட மேனேஜர் என்னை அனுப்பினார். கழிவைப் பார்வையாலும் வாடையாலும் வகைப்படுத்தக் கூடாது என்றார் அங்கே பேசிய அதிகாரி. எந்த வேலையிலிருந்து வந்தது, உள்ளே என்ன இருந்தது என்றுதான் பார்க்க வேண்டுமாம். கழித்த எஞ்சின் எண்ணெய் அட்டவணையில் இருந்தது. விஷமருந்தும் இருந்தது, அதை வைத்திருந்த காலிப் பாத்திரமும் இருந்தது. நான் எழுந்து மீன் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்காமல், மீன் ஓர் இரவுதான் அதில் இருக்கிறது, உங்கள் ஆட்கள் வருடக்கணக்கில் குடிக்கிறார்கள் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். எனக்கு உறைத்தது.

லயத்துத் தோம்புகளை எல்லாம் திரட்டிப் பூட்டி வைக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோரும் நானும் டிராக்டரில் போனோம். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். கடைசி வீட்டில், மருந்து அடிக்கும் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு தோம்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மீனு பொழச்சிச்சே கிராணி, நானே பாத்தேன். இத எடுத்துட்டா தண்ணிய எதுல வைக்கிறது? புள்ளைய எப்படிக் குளிப்பாட்டுறது?"

"வேற புதுசு வரும்மா," என்றேன். துரை என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

வரவில்லை. போய்க் கேட்டேன். கழிவை அகற்றத்தான் சட்டம், தோம்பு வாங்கிக் கொடுக்க இல்லை என்றார் துரை.

சில நாள் கழித்து மாலையில் ஸ்டோரில் ஒரு பம்பு குறைந்தது. அவளுடையது. வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் பம்பு நின்றது, கழுத்துவரை தண்ணீர். காலையில் அவள் முதுகில் மருந்து சுமந்த அதே பம்பு.

"இதுலயா புள்ளைய குளிப்பாட்டுற?"

"நல்லா அலசிட்டேன் கிராணி. தோம்பு மட்டும்தான ஆவாதுன்னீங்க. இதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

சட்டப்படி அவள் சொன்னது சரி. தூக்கிப் போட்டால்தான் ஒரு பொருள் கழிவு. பம்பு இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது, அதனால் எந்த அட்டவணையிலும் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவள்மேல் அல்ல, துரைமேல். தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போய், என் மனைவி பொங்கலுக்கு மட்டும் வெளியே எடுக்கும் பித்தளை அண்டாவைத் தூக்கிவந்து கொடுத்தேன். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்த பிறகு ஸ்டோரைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஒரு பம்புகூடத் திரும்பி வரவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தால், தோம்பு கொடுத்த வீடுகளில் எல்லாம் பின்கட்டில் பம்பு நின்றது, தண்ணீரோடு. எங்கள் வீட்டில் வேறு அண்டா இல்லை.