லோட் அண்ணையின் பாண்

பாண் ரொட்டியின் அடிப்பக்கத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்க்காமல் அலெக்ஸாண்டர் வாங்குவதில்லை. அஜின்கோர்ட் பேக்கரியில் றோஸ் பாண்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, "உது வேகேல்லை பிள்ளை, மற்றதைத் தா" என்பார். கடைப் பெண் முகம் சுளிக்கமாட்டாள். இதே பேக்கரியின் வான் வண்டியில் வருசக்கணக்காகப் பாண் ஏற்றிப்போய்க் கடைகளுக்குப் போட்டவர் அவர்.

வான் வந்து நின்றதும் "லோட் வந்திட்டுது" என்று கடைக்காரர்கள் குரல் கொடுப்பார்கள். பாண் இறங்கிப் போய்விட்டது, பெயர் மட்டும் ஆளோடு ஒட்டிக்கொண்டது. லோட் அண்ணை. இந்தக் குளிர் தேசத்தில் பிறந்த பிள்ளைகள் அதை லோர்ட் என்ற இங்கிலாந்துப் பிரபுவின் பட்டம் என்று நினைத்துக் குனிந்து வணக்கம் வைப்பார்கள். அவரும் கம்பளித் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு நடப்பார்.

மகள் ஸ்டெபனிதான் ஒருநாள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, லோட் எண்டா ஒரிஜினலா என்ன தெரியுமா? பழைய இங்கிலிஷிலை பாண் காவலன். லேடி எண்டா பாணுக்கு மா குழைக்கிறவ. வேலைக்காரனுக்குப் பேர் பாண் தின்னி. சீரியஸ்லி அப்பா." மாளிகையும் குதிரையும் பிறகு வந்த பவிசு. ஆரம்பத்தில் வீட்டுப் பாணைக் காத்து, பசித்தவருக்குப் பிய்த்துக் கொடுத்தவன்தான் பிரபு.

"அப்ப கொம்மா அசல் லேடி" என்று அலெக்ஸாண்டர் சிரித்தார். அவர் மனைவி செலீன் அதே பேக்கரியில் மா குழைத்தவள். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

செலீன் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நினைவு கழன்றுவிட்டது. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்கிறாள். "அவர் இன்னும் சாப்பிடேல்லை. அவர் வரட்டும்." புருசன் உண்ணாமல் தான் உண்பதில்லை என்பது கட்டிய நாள் முதல் அவள் பிடித்த பிடி. பெற்ற மகளையே மறந்தவளுக்கு இந்தப் பாழாய்ப்போன வழக்கம் மறக்கவில்லை. இப்படியே போனால் உடம்பு அதிக நாள் தாங்காது என்று தாதி சொல்லிவிட்டாள்.

அலெக்ஸாண்டர் அவள் கண்முன்னே சாப்பிட்டுக் காட்டினார். "இஞ்சேரும், நான்தானே உம்மடை மனுசன்."

"பகிடி விடாதையுங்கோ தம்பி. அவருக்கு இன்னும் நரைக்கேல்லை."

அதற்கு மேல் என்ன செய்ய? தலைக்கு மை பூசிக்கொண்டும் போய்ப் பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை. "தின்ன ஆளில்லாத பாணுக்கு லோட் என்ன, லேடி என்ன" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மறுநாளும் பாண் வாங்கப் போனார்.

இன்றைக்கும் ஒரு துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்து நீட்டினார். "இஞ்சேரும், ஒரு வாய்." அவள் வாய் திறக்கவில்லை. துண்டைக் கையில் வாங்கினாள். விரல்கள் தாமாகவே அதைப் பிசையத் தொடங்கின. மடித்து, அமத்தி, உருட்டி, ஒரு சின்ன உருண்டையாக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவர் வந்தாக் குடுங்கோ தம்பி. பசியோடை வருவார்."

"ஓம்" என்றார் அலெக்ஸாண்டர். உருண்டை நசுங்காமல் அதை ஜாக்கெட் பைக்குள் வைத்து, சிப்பை மெல்ல இழுத்து மூடினார்.