கம்மலைப் பார்த்த பிள்ளை

என் மகளுடைய முகத்தை முதல் சில மாதங்கள் நான் கையால்தான் அறிந்திருந்தேன். நெற்றி எவ்வளவு அகலம், புருவம் எங்கே மெலிந்து முடிகிறது, தாடையில் பால் வழிந்து காய்ந்த இடம் எது, எல்லாம் விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. பால் கொடுக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாழைத்தோட்டம். காற்று வந்தால் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று சாயும், வெளிச்சம் உள்ளே வந்து வந்து போகும். பிள்ளை குடிக்கிற சத்தம், இலைச் சத்தம், பாதித் தூக்கம். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் குளத்துக்குள் முங்கிக் கண்ணைத் திறந்து மேலே பார்க்கிற மாதிரித்தான் இருக்கிறது.

அவளுக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் இருந்தான். நல்ல சதைப்பிடிப்பான பிள்ளை. தவழத் தொடங்கிய பருவம். ஒரு நாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, முற்றத்து வெயிலில் மடியில் போட்டுத் துவட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் மேலெல்லாம் வெயில் மின்னியது. பார்த்தேன், பார்த்தேன், எனக்குப் போதவில்லை. "உன்னைப் போல ஒருத்தன் இந்த உலகத்துல உண்டா ராசா" என்று வாய்விட்டுச் சொன்னேன். அன்று சாயங்காலம் காய்ச்சல் கண்டது. சில நாளில் போய்விட்டான்.

எங்கள் வீட்டுக்காரருடைய அக்கா, எனக்கு மதினி, எங்களோடுதான் இருந்தாள். மதினிக்கு மனசில் ஒன்றும் கிடையாது, வாய்தான். சாவுக்குத் துட்டி கேட்க வந்த பெண்களிடம் அவள் சொன்னது உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது.

"ஊர்க்கண்ணுன்னா உப்பு மொளகாய் சுத்திப் போட்டுரலாம். பெத்தவளே கண்ணு வச்சிட்டா என்னத்தச் சுத்திப் போட?"

நாங்கள் ஐயாவழிக் குடும்பம். கண்ணேறு, பேய், மந்திரம் எதற்கும் பயப்படாதே என்பதுதான் எங்கள் தெய்வமான ஐயா எங்களுக்குக் காட்டிய வழி. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. நிழல் தாங்கலுக்குப் போவதுகூட எனக்குக் கஷ்டமாகிவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், இரண்டு பக்கமும் விளக்கு. கும்பிடப் போகிறவர்கள் அதில் தங்களையே பார்ப்பார்கள். நான் உனக்குள்ளேதான் இருக்கிறேன் என்று ஐயா சொல்கிற இடம் அது. எனக்கோ அந்தக் கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயமாக இருந்தது. மகனைப் பார்த்த கண். ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்குப் போனாலும் எல்லாருக்கும் பின்னால் தலையைக் குனிந்து நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் மகள் பிறந்தாள். நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்வதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் பிரசவம். பிள்ளையை என் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

அங்கே இளவயசு டாக்டரம்மா ஒருத்தர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, சத்தமில்லாத நடை. வீட்டுக்குப் புறப்படுகிற அன்று என் கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்து, "வாரம் ஒரு நாள் உங்க வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாத்துக்கிட்டு இருக்கலாமா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் திக்கென்றது. "பிள்ளைக்கு என்ன கேடு டாக்டரம்மா?"

"ஒரு கேடும் இல்ல. அதனாலதான் கேக்கேன்."

சீமையில் பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் செய்கிற படிப்பு படித்துக்கொண்டிருந்தார்களாம். தாயாருக்குச் சுகமில்லை என்று பாதியில் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தப் படிப்பில் ஒரு பாடம் இது. ஒரு பிள்ளையைப் பிறந்ததிலிருந்து வாரம் ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். தூக்கக் கூடாது. மருந்து சொல்லக் கூடாது. தாய்க்குப் புத்தி சொல்லக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் குறிக்கவும் கூடாது. எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் எழுதி, அங்கே இருக்கிற வாத்தியாருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

மதினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சும்மா பாக்குறதுக்கு ஒரு படிப்பா? அப்படின்னா நம்ம கிழக்கு வீட்டுக்காரி இதுக்குள்ள பெரிய டாக்டர் ஆயிருக்கணுமே!"

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "உனக்குச் சம்மதமா?" என்றார்.

சம்மதம் என்றேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? என் கண் ஆகாது. எனக்குப் பதிலாக இந்த அம்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஐயாதான் ஆள் அனுப்பியிருக்கிறார் என்றுகூடத் தோன்றியது.

புதன்கிழமை தோறும் மத்தியானம் டாக்டரம்மா அஞ்சுகிராமம் வரை பஸ்ஸில் வந்து, குளத்தங்கரை வழியே குடை பிடித்து நடந்து வருவார்கள். குடையைத் தவிர வெறுங்கையோடு வருவார்கள், வெறுங்கையோடு போவார்கள். சுவரோரம் பாயில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். கருப்பட்டிக் காப்பி ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். பிள்ளை கொட்டாவி விட்டால் அதைப் பார்ப்பார்கள். கால் உதைத்தால் அதைப் பார்ப்பார்கள். தூங்கினால் தூக்கத்தைப் பார்ப்பார்கள். தொட்டில் கயிறு உத்திரத்தில் உரசி முனகும். வெளியே கிணற்றில் கமலை இறைக்கிற மாட்டின் மணி. அந்த ஒரு மணி நேரம் நீண்டு கிடந்தது, வெயிலில் காயப் போட்ட ஈரச்சேலை மாதிரி. நானும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அதற்குள் கிடப்பேன். பிள்ளையை ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிற நிம்மதி. என் மகன் போனபிறகு நான் அவ்வளவு அமைதியாக இருந்தது அந்தப் புதன்கிழமைகளில்தான்.

ஒரு தடவை பிள்ளை விடாமல் அழுதது. நான் அடுப்பில் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். மதினி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"ஏட்டி, கல்லு மாதிரி இருக்கா பாரு! பிள்ளை இந்தக் கரை கரையுது, ஒரு கை நீட்டினாளா?"

"அவங்க படிப்பு அப்படி மதினி. தூக்கக் கூடாதாம்."

"சவம், என்ன படிப்போ! கல்யாணம் முடிஞ்சு ஒண்ணப் பெத்தா அப்ப தெரியும்."

நான் போய்ப் பிள்ளையை எடுத்தேன். டாக்டரம்மாவின் இரண்டு கையும் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. கல்லுக்கு அப்படி இருக்காது. எடுத்து மார்போடு போட்டுக்கொண்டு கேட்டேன், "பால் போதாமத்தான் அழுகுதோ டாக்டரம்மா?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"எனக்குத் தோணுனா உங்ககிட்ட ஏன் கேக்கேன்?"

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

பிள்ளை நன்றாகவே வளர்ந்தது. கழுத்து நின்றது. அப்போது ஒரு புதன்கிழமை, நான் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பால் கொடுத்தேன். பிள்ளை குடிப்பதை நிறுத்திவிட்டு அசையாமல் கிடந்தது. தூங்கிவிட்டதோ என்று விரலால் இமையைத் தொட்டேன். திறந்திருந்தது. டாக்டரம்மா தனக்குத்தானே பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்கள்:

"கம்மலையே பாக்குது."

சொன்னதும் அவர்கள் முகம் மாறிவிட்டது. சொல்லக் கூடாததைச் சொன்னது போல உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கம்மலைப் பார்க்கிறது. எல்லாப் பிள்ளையும் மின்னுகிறதைப் பார்க்கும், அதில் என்ன? ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. மாவு ஆட்டும்போது, குளத்தில் துணி அலசும்போது வந்து வந்து நின்றது. நான் பிள்ளைக்குக் காட்டுவது காதைத்தானே. பாவம், கொடுத்ததைத்தானே பார்க்கும். பிள்ளைக்கு அம்மா என்றால் அந்தச் சிவப்புக்கல் கம்மல்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கம்மலையும் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் பிள்ளை என் பக்கம் பார்க்காது, டாக்டரம்மாவும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று என் புத்திக்குப் பட்டது.

அடுத்த புதன்கிழமை பிள்ளை பாலை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியது. ஒரு சின்னக் கை வந்து என் காதைத் தடவியது. கம்மலுக்குப் பதிலாகச் சோளத்தட்டையைச் செருகியிருந்த துளையைத் தொட்டது. தேடியது. ஒரு முனகல். பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரோரம் இருந்த டாக்டரம்மாவைப் பார்த்தது போலிருக்கிறது. வாசலில் நின்ற மதினி கத்தினாள்.

"ஏட்டி, சிரிக்குது! ஐயோ, அந்தச் சிரிப்பைப் பாரேன்! பெத்தது நீ, சிரிக்கது அவகிட்டயா?"

டாக்டரம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிள்ளையின் வயிறு குலுங்குவது என் கைக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்து என் பிள்ளையின் முதல் சிரிப்பு. என் மடியில்தான் நடந்தது. நான் வாழை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதிலாகப் பார்க்கட்டும் என்று நான்தானே விட்டேன். சிரிப்பும் அங்கேதானே போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் பிள்ளைக்கு முதன்முதலாகத் திருநாமம் இடுகிறதாக வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தார். நான் பின்னாலேயே நின்றேன். பணிவிடை செய்கிறவர் பெரியவர், எங்களுக்குச் சொந்தம். உள்ளிருந்து அழைத்தார்.

"என்ன மக்கா அங்ஙன நிக்க? பிள்ளையைக் கொண்டா. ஐயா பாக்கட்டும்."

ஐயா பாக்கட்டும். அவர் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். கால் தானாக நடந்தது. பிள்ளையின் நெற்றியிலும் என் நெற்றியிலும் வெள்ளை நாமம் இட்டார். பிள்ளையைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தூக்கினேன். சன்னதி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? நிமிர்ந்தேன்.

விளக்குகளுக்கு நடுவில் ஒரு பெண் நின்றாள். அவள் தோளருகே ஒரு குழந்தை. யார் பெற்ற பிள்ளையோ என்றுதான் முதலில் தோன்றியது. பெரிய கண். நான் விரலால் அறிந்த அதே மெலிந்த புருவம். கீழுதடு கொஞ்சம் முன்னால், என் மகனுக்கு இருந்த மாதிரியே. கண்ணாடிக்குள்ளிருந்து அது என்னையே பார்த்தது. எங்கள் வேண்டுதல் பாட்டான உகப்படிப்பைப் படிக்கிற குரல்கள் எங்கோ தண்ணீருக்கு அப்பால் கேட்டன. சுடர் அசைந்தது, பிள்ளையின் முகமும் அசைந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

அந்தக் கண்ணாடியில் இருப்பது என் கண்தான். அங்கே இருக்கிறவர் ஐயாதான். அப்படியென்றால் இவளைப் பார்ப்பது யார்? மகனை அந்த வெயிலில் பார்த்தது யார்? எனக்குப் படிப்பில்லை, இதையெல்லாம் எடுத்துச் சொல்லத் தெரியாது. அந்த நிமிஷம் என் நெஞ்சில் ஏதோ பொத்துக்கொண்டு ஓடியது. "ஐயா, நீரே பாரும், என் கண்ணால பாரும்" என்று கேட்டேன். பிள்ளை கண்ணாடியைப் பார்த்து, அதில் என்னைப் பார்த்து, வாயெல்லாம் திறந்து சிரித்தது.

பயம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பிள்ளையின் மேலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவிக் கம்மலை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை டாக்டரம்மா வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நான் பிள்ளையை மடியில் போட்டேன். கழுத்து பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியது. திருப்பிக் கொண்டுவந்தேன். குனிந்தேன். பிள்ளை முதலில் கம்மலைத்தான் தேடியது. கண்டது. அப்புறம் அங்கிருந்து பையப் பைய, கன்னத்தின் வழியாக, மூக்குத்தி வழியாக என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் குடிப்பதையே மறந்துவிட்டது. நானும் வாழைத்தோட்டத்தை மறந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது டாக்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் படிப்பு அப்படி.

சொல்வதற்கு மதினி இருந்தாளே. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒரு கையில் உப்பு, ஒரு கையில் வத்தல் மிளகாய்.

"ஏட்டி, இப்பிடி வச்ச கண்ணு வாங்காமப் பாத்தா எப்படி? அசையாத, இரி!"

"மதினி, ஐயா வழியில இதெல்லாம் கிடையாது."

"ஐயா எனக்குப் பொறுத்துக்கிடுவாரு. நீ சும்மா இரி." என்னையும் பிள்ளையையும் சுற்றினாள். பிறகு சுவரோரம் திரும்பினாள். "நீங்களும் இருங்க டாக்டரம்மா. உங்களுக்கும் சேத்துத்தான். வாரா வாரம் பிள்ளையை முழுங்குற மாதிரி பாக்கியளே, எங்க பிள்ளை பதிலுக்கு உங்களை எம்புட்டுப் பாத்திருக்கும்!"

டாக்டரம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். மதினி எல்லாவற்றையும் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது அவள் கணக்கு. எல்லாரும் காத்திருந்தோம்.

நெடி வீடு முழுக்க ஏறியது. டாக்டரம்மா இருமினார்கள், நான் இருமினேன், மதினி இருமி இருமிச் சிரித்தாள். நான் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். வெயிலில் அது ஒரு தும்மல் போட்டது, திகைத்தது, அம்மா இருக்கிறாளா என்று என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. கண்ணெல்லாம் நீர் வடிய நானும் அதைப் பார்த்தேன்.