அடிபடாத ஒளிவாள்

நீளக் குழலைக் காதோடு ஒட்டிவைத்து, நகத்தால் இரண்டு தட்டு தட்டுகிறார் வெர்லின் ஹாஸ்கெட். உள்ளே ஏதோ கிலுகிலுக்கிறது. "எதுல அடிச்ச?" என்று கேட்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அடிக்கவே இல்லீங்க, காத்துலதான் வீசினேன்."

ஒஹாயோவில், டேட்டன் நகரத்து ஓரமாக, தன் வீட்டுக் கார் கொட்டகையில் அவர் ஒளிவாள்களைப் பழுது பார்க்கிறார். விண்வெளிப் படங்களில் வீரர்கள் சுழற்றுகிற வாளின் நகல்கள் இவை. கைப்பிடி கெட்டி உலோகம், ஒரு குறையும் வராது. தொல்லையெல்லாம் குழலில்தான். அதற்குள் நூற்றுக்கணக்கான பொடி விளக்குகள் ஒரே சரமாக ஓடுகின்றன. ஓரிடத்தில் ஈயப்பற்று விட்டால் அதற்கு மேல் நுனிவரை இருட்டு. அழகுக்கு வைக்கும் பொருள், அடிக்காதீர்கள் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. நாற்பது வயது ஆசாமிகள் அதைப் படித்து முடித்த கையோடு சாப்பாட்டு நாற்காலியுடன் சண்டைக்குப் போகிறார்கள்.

வெர்லினிடம் பொய் எடுபடாது. முப்பது வருடம் தொலைபேசிக் கம்பம் ஏறிய கண் அது. கீறலை விளக்கடியில் திருப்பிப் பார்ப்பார். "இது ஃபேன் தூசி. காத்துல வீசினவனுக்கு ஃபேன் எங்கேருந்து வந்துச்சு?"

அவருடைய சொந்த வாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பதினேழு வருடமாக எதன்மீதும் பட்டதில்லை. அந்த மாடலில் வந்தவற்றில், அவருக்குத் தெரிந்து, முழுசாக எரிவது இது ஒன்றுதான். ஞாயிறு காலை ஒருமுறை ஏற்றி அணைத்துவிட்டு, கசிந்துவிடப் போகிறதே என்று பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்பார். தூசி தட்டக்கூட மனைவி லோர்னாவுக்கு அனுமதி கிடையாது. "என்னையே நீ இப்படிப் பார்த்துக்கிட்டதில்ல," என்பாள்.

போன சனிக்கிழமை காலை வாடிக்கைக்காரன் டெஸ்மண்ட் ஓடி வந்தான். அன்று நான்கு மணிக்கு அவனுக்கும் பிரிட்டாவுக்கும் கல்யாணம். இந்த ஒளிவாள் பித்தர்களின் கல்யாணத்தில் நண்பர்கள் இருபுறமும் நின்று ஒளிவாள்களை உயர்த்துவார்கள். ஜோடி நடந்து வரும்போது தலைக்கு மேல் வாள்கள் மோத வேண்டும், அதுதான் மேளதாளம். ஆறு வாளில் ஒன்று பாதிக்கு மேல் செத்துக் கிடந்தது.

"காத்துலதான்..."

"பச்சைப் பெயிண்ட். உன் வீட்டு கராஜ் கதவு."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "ஒத்திகை பாத்தோம். பிரிட்டா ஒரு வருஷமா இதையேதான் பேசிட்டிருக்கா."

"ஈயம் வச்சிடலாம். மேல பூசுற பசை காய ஒரு நாள் ஆகும். இன்னைக்கு மோதினா அங்கேயே அவிஞ்சுடும்."

டெஸ்மண்டின் பார்வை கண்ணாடிப் பெட்டிக்குப் போய்த் திரும்பியது. அதுதான் வெர்லினுக்குத் தாங்கவில்லை.

"என் வாளைக் கொண்டுவரேன். ஆனா நான்தான் பிடிப்பேன். தூக்கிக் காட்டுவேன், அவ்வளவுதான். எதுலயும் படாது."

நான்கு மணிக்கு ஜோடி வாள்களுக்கு அடியில் நடந்து வந்தது. முதல் இரண்டு வாள்கள் மோதின. அடுத்த இரண்டும் மோதின. மூன்றாவது வரிசையில் வெர்லினுக்கு எதிரே நின்ற பெண் வாளை நீட்டிக் காத்திருந்தாள். பிரிட்டா நடையை நிறுத்தி, சிரித்த முகமாக அண்ணாந்து பார்த்தாள். வெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழலைக் காதோடு வைத்து நகத்தால் தட்டினார். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது.

கல்யாணத்துக்கு வராத லோர்னா வாசலில் நின்றிருந்தாள். "எதுல அடிச்ச?"

"காத்துலதான் வீசினேன்," என்றவர், புதுக் கீறலைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.