ஒரே கணக்கில் ஒன்பது பேர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு, எந்தப் பெட்டி வந்தது, எது போனது என்று பதியும் வெப்சைட் எழுதிக் கொடுத்தேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானாகக் கற்ற வித்தை. நான் பிடித்த ஃபிரேம்வொர்க், அதாவது வெப்சைட் எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகம், கணக்குகளையும் பதிவுகளையும் மேற்பார்க்கும் அட்மின் பக்கத்தைத் தானே கட்டிக் கொடுத்துவிடும். யூசர் கணக்குக்குப் பெயர், பாஸ்வேர்ட், இமெயில். அந்த இமெயிலைக் கட்டாயமாக்கியது என் கெட்டிக்காரத்தனம்.

கேட்டில் வேலை பார்த்த ஒன்பது பேரில் இமெயில் வைத்திருந்தவர், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் கிளார்க் அக்கா ஒருவர்தான். அவர் பெயரில் ஒரே கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். யார்டில் ரிஜிஸ்டர் எழுதும் வழக்கமும் அதுதானே: வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, போனவர் விட்ட வரியிலிருந்து தொடருவார்.

ஆடியில் ஒரு நாள், ஒரு பெட்டி தவறான லாரியில் ஏறிப் போய்விட்டது. எண்ணூர் தாண்டுவதற்குள் திருப்பிவிட்டார்கள். ஆனால் அட்மினில், எந்தப் பதிவை யார் போட்டார் என்று காட்டும் ஹிஸ்டரியைத் திறந்த மேனேஜர், அங்கே இருந்த பெயரைப் பார்த்து, அக்காவைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"சார், அன்னிக்கு நான் லீவு. கோயில்ல கூழு ஊத்திகினு இருந்தேன்," என்றார் அக்கா.

"லீவுன்னா பாஸ்வேர்டையும் வூட்டுக்கு எடுத்துனு போவணும். ஊருக்கெல்லாம் குடுத்தது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். "நான்தான் சார்."

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு நாள் தரேன். ஆளுக்கு ஒரு கணக்கு. இல்லாட்டி அந்தம்மாவோட சேந்து நீயும் வராத."

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு கயித்துல ஒம்போது மாட்டக் கட்டுனியே நைனா, எது அவுத்துகினு போச்சுன்னு எப்டித் தெரியும்?" என்று சிரித்தார்.

இமெயில் கட்டாயத்தை எடுத்தேன். ஒவ்வொருவரும் தம் கேட் பாஸ் எண்ணாலேயே உள்ளே வரலாம் என்று மாற்றினேன். பட்டியலில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததில், எது யார் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டேன்.

"ஒருத்தன் கிரேனு, ஒருத்தன் வெத்தல, இன்னொருத்தன் மாமு. சொந்தப் பேரச் சொன்னா மூணு பேருமே திரும்ப மாட்டானுங்க," என்றார் அக்கா.

யூசர் பட்டியலில் 'கூப்பிடும் பெயர்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லித் தந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அக்கா தன் எண்ணை அடித்து உள்ளே போனார். மேனேஜர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, டீ வாங்கி வரச் சொன்னார், மூன்று.

பழைய ஹிஸ்டரியில் அந்த ஆடி மாத வரி அவர் பெயரிலேயே நின்றது. அழித்துவிடட்டுமா என்றேன்.

"வேணாம்பா. அழிச்சினா நானே அழிச்ச மாரி ஆயிடும்."

அந்தப் பெட்டியின் குறிப்புக் கட்டத்தில் மட்டும், என் சொந்தக் கணக்கிலிருந்து எழுதினேன்: அன்று அவர் விடுப்பு. பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுத்தவன் நான்.