வெள்ளிக்கிழமைப் பூட்டு

வீட்டுக்குள் ஒரு பெண்ணை விட்டு, வெளியே பூட்டுப் போட்டு, திறப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறவரை நீங்கள் பக்தர் என்பீர்களா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கொழும்பில் வெள்ளிக்கிழமைதோறும் சனம் நெரியும் ஒரு காளி கோயிலில், அப்படிப்பட்ட ஒருவரைத்தான் முதல் வரிசையில் நிறுத்திப் பட்டுப் போர்த்தினார்கள். உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஒதுங்காதவள் கஜானி ஒருத்திதான்.

கஜானி மாங்கேணிக் கடற்கரையில் கருவாடு போடுகிறவள். சுனாமி தாயைக் கொண்டுபோன காலையில், கைக்குழந்தையாக இருந்த தங்கையை மார்போடு இறுக்கிக்கொண்டு முந்திரி மரத்தில் தொங்கிக் கிடந்தவள். அப்போது அவளே சிறுமி. அதன் பிறகு தகப்பன் கடலுக்குப் போவதை விட்டுக் கள்ளுக்குப் போனார். தங்கை தனுஷாவுக்குச் சோறூட்டியதும் பள்ளிக்கு அனுப்பியதும் அக்காதான். அவளுக்குப் பேசி வந்த கலியாணங்கள் எல்லாம் "தங்கச்சிய என்ன செய்யிற?" என்ற கேள்வியிலேயே முறிந்தன. அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்கு அவள் இரண்டாம் தரம் தேத்தண்ணி ஊற்றியதில்லை.

தனுஷாவுக்கு வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகப் பரீட்சைப் புள்ளி போதாமல் போன வருடம்தான் வினாயகமூர்த்தி வந்தார். அதே கரையில் கல்லடியில் பிறந்து கொழும்பில் இரும்புக் கடை வைத்துப் பெருத்தவர்.

"நம்மட ஊர்ப் புள்ள. நம்மட புள்ள மாதிரித்தான். கொம்பியூட்டர் கிளாசுக்கு அனுப்புறன். வீட்டில சும்மா ஒரு கை உதவி," என்றார்.

கை உதவி விடியலில் தொடங்கிப் பாத்திரம் கழுவி முடியும்வரை நீண்டது. கொம்பியூட்டரைத் தனுஷா தொட்டது தூசு தட்டுவதற்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் வீட்டார் கோயிலுக்குப் போன பிறகு அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பாள்.

"போயிட்டாங்க அக்கா. வெளிய பூட்டிப்போட்டுத்தான்."

"என்னத்துக்குகா பூட்டிற?"

"நான் ஓடிருவனாம். ஓடினா எங்க வாற? உன்ட நாத்தக் கருவாட்டுக்குத்தானே."

அவள் சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை குசினியில் காஸ் கசிந்து தீப்பிடித்தது. அயலவர்கள் சத்தம் கேட்டு பின்மதில் ஏறிக் குதித்து, முன்கதவைப் பாராமல் குசினி ஜன்னல் கம்பியை நெம்பித் தனுஷாவை இழுத்தெடுத்தபோது மூச்சில்லை. வீட்டார் கோயிலிலிருந்து திரும்பி, பிறகு பொலிஸ் வந்தபோது கதவில் பூட்டும் இல்லை. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது, பதற்றத்தில் பிள்ளைக்குத் திறக்கத் தெரியாமல் போய்விட்டது என்று வினாயகமூர்த்தி வாக்குமூலம் கொடுத்தார். அப்படியே விசாரணையை முடித்தார்கள். தங்கை தொலைபேசியில் சொன்னதைக் கஜானி சொன்னாள். அதற்குச் சாட்சி யார் என்று கேட்டார்கள். சாட்சி செத்துப் போயிருந்தது.

"கதவு திறக்கத் தெரியாதவள் எண்டு எழுதிப்போட்டானுகள் ராத்தா," என்றாள் கஜானி. அவளிடம் கருவாடு எடுக்க ஓட்டமாவடியிலிருந்து வரும் முஸ்லிம் வியாபாரி நபீஸா, சாக்கைக் கட்டுவதை நிறுத்தினாள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் ஒரு வீட்டில் பூட்டுக்குள் கிடந்துவிட்டு வந்தவள் அவள்.

"என்ன செய்யப் போறாய்?"

கஜானி மீன் வெட்டும் கத்தியைப் பார்த்தாள்.

"அதோட போனா உன்னத்தான் மறியலுக்குள்ள போடுவானுகள். அவன் மாலையோட படத்தில இருப்பான். உன்ட சனம் அவன் போற காளி கோயில்ல தேங்காய் அடிச்சுச் சாபம் போடுமாமே?"

"அந்தக் காளிக்குச் சாறி வாங்கிக் குடுக்கிறதே அவன்தான். அவள் எனக்காக அவனைக் கொல்லப் போறாளோ?"

நபீஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கஜானிக்குச் சிரிப்பு வரவில்லை. மாங்கேணியில் படகு இயந்திரம் களவு போனபோது அவள் கண்ட காட்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வெற்றிலையில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, எடுக்கவில்லை என்றால் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றார்கள். பொலிஸ் அடிக்கு வாய் திறக்காத ஆள், கற்பூரத்தைக் கண்டதும் இயந்திரம் புதைத்த இடத்தைக் காட்டினான். பொய்ச் சத்தியம் பெற்ற பிள்ளையில் படும் என்ற பயம். அம்மன் இருக்கிறாளா என்பது கஜானிக்குத் தேவையில்லாத கேள்வி. பயம் இருக்கிறது. அது போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைச் செலவை ஏற்கும் உபயகாரர் வினாயகமூர்த்தி என்று அறிந்து பஸ் ஏறினாள்.

கோயிலில் வரிசை வீதிவரை நின்றது. உபயகாரரும் மனைவி ஞானவதியும் பட்டு உடுத்து முன்னால் நின்றார்கள். பூசை முடிந்து ஐயர் அவர்களுக்குக் காளாஞ்சித் தட்டைக் கொடுத்த கையோடு, கஜானி வரிசையைத் தடுத்த கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். வெற்றிலையைத் தரையில் வைத்துக் கற்பூரத்தைக் கொளுத்தினாள். வைத்தது அவருக்கு முன்னால் அல்ல, ஞானவதியின் காலடியில்.

"நான் தனுஷாட அக்கா. அண்டைக்குக் கதவு பூட்டேல்ல எண்டா இத அணையுங்க முதலாளி. அணைச்சா நான் உங்கட கால்ல விழுந்துபோட்டு ஊருக்குப் போறன்."

கைத்தொலைபேசிகள் உயர்ந்தன.

"அதுக்கென்ன தங்கச்சி. அணைச்சாப் போச்சு," என்று வினாயகமூர்த்தி புன்னகையோடு குனிந்தார். அந்தக் கூட்டத்தில் காளியை நம்பாதவர்கள் இரண்டே பேர்: ஒருத்தி கஜானி, மற்றவர் பூசையின் உபயகாரர்.

நெருப்புக்குச் சாண் தூரத்தில் அவருடைய மணிக்கட்டை ஞானவதி பிடித்தாள்.

"வேணாம். பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. நம்மட புள்ளைகள்ள படும்."

"கைய விடு."

"விடமாட்டன். திறப்பு என்ட கைப்பைக்குள்ளதானே இருந்த. திரும்பி வந்து பூட்டக் கழட்டினது நீங்கதானே."

கற்பூரம் யாரும் தொடாமல் எரிந்து முடிந்தது. ஞானவதி அழுதுகொண்டே கஜானியின் காலைப் பிடித்தாள். கஜானி காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன செய்யிற? அவள் செத்த நேரம் நீங்க இஞ்ச கும்பிட்டுக்கொண்டு நிண்ட. இப்ப சொன்னதக் கோட்டில நீதவானிட்ட வந்து சொல்லுங்க. நான் பாத்துக்கொண்டு இருப்பன்."

வெளியே வந்து நபீஸாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். "பூட்டினதுதான் ராத்தா. அவளுக்குக் கதவு திறக்கத் தெரியும்." அதற்குப் பிறகுதான் அழுதாள்.

விசாரணையை மறுபடி திறக்கக் கேட்டு அவள் வழக்குப் போட்டிருக்கிறாள். மனைவிக்குச் சித்தம் சரியில்லை என்று வினாயகமூர்த்தியின் சட்டத்தரணி சொல்கிறார். ஞானவதி இப்போது வாய் திறப்பதில்லை. அன்று படம் பிடித்தவர்களில் பலர், கோயிலுக்குக் கெட்ட பெயர் வரும் என்று அழித்துவிட்டார்களாம். ஒரு பெண் வெந்து செத்ததில் வராத கெட்ட பெயர்! கஜானி விடுவதாக இல்லை. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கருவாட்டு மணத்தோடு வந்து வினாயகமூர்த்திக்கு நேர் எதிரே உட்காருகிறாள். அவர் மூக்கைப் பொத்தினால் இன்னும் ஒரு வாங்கு முன்னால் போய் உட்காருகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் நீங்கள் நின்றிருந்தால், கேட்டதைக் கேட்டபடி நீதிமன்றத்துக்கு வந்து சொல்லுங்கள். நிற்கவில்லையென்றால், வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது உங்கள் வீட்டுக் குசினியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே ஒருத்தி நின்றால், திறப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.