மாமனாரின் நாற்பத்தாறு அங்குலம்

டேப்பு என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். தையற்காரர் மாதிரி கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். கோல்ஃப் மட்டைகளை ஆளுக்கேற்ப வெட்டி ஒட்டித் தருவது அவன் தொழில். அதிலும், முதல் அடிக்கென்று இருக்கிற டிரைவர் என்ற நீள மட்டைக்கு ஷாஃப்ட் என்கிற தண்டின் அளவு சொல்வதில் அவன் புலி. கடைக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டிலிருந்து தரைவரை அளப்பான். பிறகு மட்டையின் முகத்தில் வெள்ளைப் பொடியைத் தூவி, வலைக்கு முன்னால் நாலு பந்து அடிக்கவிடுவான். பொடியின் நடுவில் தடம் விழுந்தால் அளவு சரி. ஓரத்தில் விழுந்தால் ஷாஃப்ட் நீளம், இல்லையென்றால் ஆளுக்கு ஆசை நீளம்.

பெரும்பாலும் ஆசைதான். மட்டை நீண்டால் பந்து தொலைவு போகும் என்பது ஆண் வர்க்கத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. போகும்தான். எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. டேப்பு தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டான். "உங்களுக்கு நாற்பத்திநாலுதான் சார்" என்பான். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

இந்த வீரமெல்லாம் கடையோடு சரி. வீட்டில் மாமனார் இருந்தார்.

கப்பல் தளத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு காலத்தில் வாசற்படிதோறும் குனிந்து நுழைகிற உயரம். இப்போது முதுகு வளைந்து, நிமிர்ந்தே நுழையலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் மனிதர் ஒவ்வொரு வாசலிலும் குனிவதை விடவில்லை. அவர் கையில் இருந்தது நாற்பத்தாறு அங்குல டிரைவர். விதிகள் அனுமதிக்கிற உச்ச நீளம். "இதுக்கு மேல ஒரு நூல் கூட இருந்தாலும் ஆட்டத்துல சேர்க்கமாட்டான், தெரியுமா" என்று, கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அந்த மட்டையால் அவர் அடித்த பந்து நேராகப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒன்று மரத்துக்கு, ஒன்று குளத்துக்கு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "விட்டுரலாம்னு பார்க்கறேன். ஆட்டத்தைத்தான்" என்றார். 

"என்னங்க, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அளந்து குடுக்கறீங்க. எங்க அப்பாவுக்கு ஏதாவது பண்ணக் கூடாதா?" என்றாள் மனைவி.

"நாற்பத்திநாலுக்கு வந்தா எல்லாம் சரியாயிடும். அதை அவர்கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்லமாட்டேன்பா."

அவனும் சொல்லவில்லை. பிடியை மாற்றித் தருகிறேன் என்று மட்டையை வாங்கிப் போனான். மேல்முனையில் இரண்டு அங்குலத்தை அறுத்தான். புதுப் பிடி போட்டான். நீளம் குறைந்தால் மட்டையின் தலை லேசாகத் தோன்றும், கை கண்டுபிடித்துவிடும் என்று அடியில் ஈயப் பட்டை ஒட்டினான். 'நாற்பத்தாறு' என்று போட்டிருந்த சின்ன ஸ்டிக்கரைப் பக்குவமாக உரித்து, இரண்டு அங்குலம் கீழே தள்ளி ஒட்டினான். முழுப் பூசணிக்காயையே மறைக்கிறவர்கள் உண்டு, இரண்டு அங்குலம் எந்த மூலைக்கு?

பந்து நேராகப் போயிற்று. மாமனார் குளிக்கும்போது பாட ஆரம்பித்தார். டேப்புவுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தின்மீது சற்று மயக்கமே வந்துவிட்டது.

மயக்கம் தெளிவித்தவர்கள் மாமனாரோடு ஆடும் பல் டாக்டரும் வக்கீலும். இருவரும் கடைக்கு வந்தார்கள். "எங்களுக்கும் நாற்பத்தாறு போடுங்க" என்றார் டாக்டர்.

டேப்பு அளந்தான். பொடி தூவினான். "டாக்டர் சார், உங்களுக்கு நாற்பத்திநாலரை போதும். வக்கீல் சாருக்கு நாற்பத்திநாலு."

"உங்க மாமனார் எங்க ரெண்டு பேரையும் விடப் பெரியவர். அவர் நாற்பத்தாறுல வெளுத்து வாங்கறார். எங்களுக்கு மட்டும் குச்சியா?" என்றார் வக்கீல். "சொந்தக்காரங்களுக்கு ஒரு அளவு, எங்களுக்கு ஒரு அளவா?"

ஒரு வாய்ச்சொல்லில் முடிந்திருக்கும். அந்தச் சொல் மாமனாரின் மானத்தைக் கொண்டுபோய்விடும்.  டேப்பு நாற்பத்தாறே போட்டுக் கொடுத்தான். தன் தொழிலில் முதல்முறையாக, தெரிந்தே, தப்பான அளவு.

டாக்டரின் பந்துகள் காவல்காரர் கொட்டகையின் கூரையைப் பதம் பார்த்தன. வக்கீல் அடித்ததைத் தேடவே ஆள் வேண்டியிருந்தது. இரண்டு பேரும் தங்கள் வயதைத்தான் நொந்துகொண்டார்கள். "கை நடுங்குதோ என்னவோ, பல்லைப் பிடுங்கவே பயமா இருக்கு" என்று டாக்டர் சொன்னதாக மாமனார் வந்து சொன்னபோது, டேப்பு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மாமனாரை அழைத்துவரத் திடலுக்குப் போனான். ஆட்டம் முடிந்து மூன்று மட்டைகளும் பெஞ்சில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் பக்கத்தில். வக்கீல் அவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க மட்டை மட்டும் ஏன் குள்ளமா நிக்குது?"

மாமனார் மட்டையை எடுத்தார். டாக்டருடையதோடு சேர்த்துப் பிடித்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு மருமகனை. டேப்பு தன் ஷூவைப் பார்த்தான்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார் மாமனார். "முதுகு வளைஞ்சு போச்சு. உங்ககிட்ட சொல்ல வெக்கம்."

"அப்ப எங்களுக்கு எதுக்கு நாற்பத்தாறு போட்டார்?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். தப்பு என்னோடது."

 நாலு பேரில் பேச வேண்டியவன் ஒருவன்தான். அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். தன் மானத்தைக் காப்பாற்றப் போன மருமகனின் மானத்தைக் கிழவர் தன் மானத்தை விற்று வாங்கித் தந்துவிட்டார்.

கார் பாதி வழி வந்திருந்தது.

"மாமா..."

"வெட்டறதுக்கு முன்னாடி அளந்தீங்களா மாப்ள?"

"இல்ல மாமா. பார்த்தாலே தெரிஞ்சுது."

"பார்த்தாலே தெரியுதா." மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கடைக்கு வர்றவங்களை நிக்க வச்சுக் கேட்டுத்தானே அளக்கறீங்க? என்னையும் நிக்கச் சொல்லியிருந்தா நின்னிருப்பேன். கத்தியிருப்பேன். ஆனா நின்னிருப்பேன்."

டேப்பு வண்டியைக் கடைக்குத் திருப்பினான். ஷட்டரைத் தூக்கினான். "செருப்பைக் கழட்டுங்க மாமா" என்றான். மாமனார் கையைத் தொங்கவிட்டு நின்றார். மருமகன் மண்டியிட்டு, நாடாவைத் தரையில் அழுத்தி, அதற்கேற்ற மட்டை நீளத்தை ஒளிக்காமல் சொன்னான். "நாற்பத்தி மூணரைதான் மாமா வருது."

"நாற்பத்திநாலு கூட இல்லையா?"

"இல்ல மாமா."

மாமனார் மட்டையை நீட்டினார். "சரி, வெட்டுங்க."

வெட்டுவதற்கு முன் டேப்பு போனை எடுத்தான். "டாக்டர் சார், மாமா சொன்னது நிஜம் இல்ல. அவருக்குத் தெரியாம நான்தான் வெட்டினேன். எனக்காகத்தான் பழியை ஏத்துக்கிட்டார். உங்க அளவு நாற்பத்திநாலரை."

 "நாற்பத்தாறு எனக்கு ஒத்துவராதுன்னு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் சார்."

"நான் ஆஸ்பத்திரி போய் நரம்பெல்லாம் பரிசோதிச்சுக்கிட்டேன்யா" என்றார் டாக்டர். போன் வைக்கப்பட்டது.

டேப்பு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். இனி வக்கீல். அவர் இப்படி ஒரே வரியில் விடமாட்டார்.

"அவருக்கும் போனைப் போடுங்க" என்றார் மாமனார்.